‘அது எம்பெம்பாவின் இயற்பியல்’: ஒரு மாணவனின் கேள்வி பட்ட பாடு

1963ஆம் வருடம். இன்று தான்சானியா என்று சொல்கிறோமே, அந்த நாட்டின் பெருநிலப் பகுதிக்கு அப்போது டாங்கனிகா என்று பெயர். விடுதலை கிடைத்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அங்கே மகம்பா உயர்நிலைப் பள்ளிப் பையன்களுக்கு ஐஸ்கிரீம் செய்யும் பழக்கம் இருந்தது. பாலைக் காய்ச்சிச் சர்க்கரை கலந்து, நன்றாக ஆறவிட்டு, ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைப்பார்கள். ஃப்ரீசரில் இடம் கொஞ்சம், ஆசைப்படும் பையன்களோ நிறைய. முந்துகிறவனுக்குத்தான் ட்ரே.

மூன்றாம் படிவத்தில் படித்த எராஸ்டோ எம்பெம்பா ஒருநாள் உள்ளூர்ப் பெண்களிடம் பால் வாங்கி அடுப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த இன்னொரு பையன், எங்கே தனக்கு இடம் போய்விடுமோ என்று, பாலைக் காய்ச்சாமலே சர்க்கரையைக் கலந்து ட்ரேயில் ஊற்றி உள்ளே வைத்துவிட்டான். மிச்சம் இருந்த ட்ரேயும் போய்விடும்போல இருந்தது. ஃப்ரிட்ஜ் கெட்டாலும் கெடட்டும் என்று எம்பெம்பா சுடச்சுடப் பாலை அப்படியே ஊற்றி வைத்தான். ஒன்றரை மணி நேரம் கழித்து இருவரும் போய்ப் பார்த்தார்கள். எம்பெம்பாவின் பால் உறைந்து ஐஸ்கிரீமாகியிருந்தது. மற்றவனுடையது இன்னும் கூழ் மாதிரி கிடந்தது.

சூடாக வைத்தது எப்படி முதலில் உறைந்தது? பையன் இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வருடக்கணக்கில் அலைந்தான். கடைசியில் 1969இல் அது ‘பிசிக்ஸ் எஜுகேஷன்’ என்ற இதழில் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. சுடுநீர் முன்னதாக உறைவதாகச் சொல்லப்படும் நிகழ்வுக்கு ‘எம்பெம்பா விளைவு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. இயற்பியல் ஆர்வலர்கள் பலருக்கும் இந்தக் கதை தெரியும். பெரும்பாலும் தண்ணீரைப் பற்றிய கதையாகத்தான் அதைச் சொல்வார்கள். நான் பல வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். எனக்கு இதில் தண்ணீரைவிட வகுப்பறைதான் கண்ணில் படுகிறது. ஒரே பையன், ஒரே கேள்வி. அவன் அதைக் கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டார்கள். மாணவர்களின் ஆர்வத்தை வளர்ப்பது பற்றி எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஒரு நிகழ்வு சொல்லித்தருகிற அளவுக்கு அவற்றில் எதுவும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

முதல் ஆசிரியர், அப்புறம் ஒரு ஐஸ்கிரீம்காரர்

நடந்ததை எம்பெம்பா தன் இயற்பியல் ஆசிரியரிடம் சொன்னான். அவர் சொன்ன பதில் இவ்வளவுதான்: நீ ஏதோ குழம்பியிருக்கிறாய், அப்படி நடக்காது. அவனும் நம்பிவிட்டான். ‘நம்பிவிட்டான்’ என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தன் கண்ணால் பார்த்ததை ஆசிரியரின் ஒரு வார்த்தைக்காக ஒரு மாணவன் விட்டுக்கொடுத்திருக்கிறான். நம்மூர் வகுப்புகளில் இது தினமும் நடக்கிறது. நமக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் விட்டுக்கொடுக்கும்போது பிள்ளைகள் சத்தம் போடுவதில்லை. ‘சரி சார்’ என்று உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கேள்வி அங்கேயே முடிந்திருக்கும். அதை மறுபடி உசுப்பிவிட்டது பள்ளிக்கூடம் இல்லை. டாங்கா நகரில் ஐஸ்கிரீம் செய்து விற்றுக்கொண்டிருந்த நண்பர் ஒருவரிடம் எம்பெம்பா பேசிக்கொண்டிருந்தபோது, தாங்கள் கலவையைச் சூடாகவேதான் வைப்போம், அப்போதுதான் சீக்கிரம் உறையும் என்று அவர் சொன்னார். அவருக்கு அது தொழில். எவ்வளவு சீக்கிரம் உறைகிறதோ அவ்வளவு சீக்கிரம் விற்கலாம். ஏன் என்று அவர் கவலைப்படவில்லை, ஆனால் அது நடக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

இந்த இடத்தை நான் முக்கியமானதாக நினைக்கிறேன். நம் பிள்ளைகளும் இப்படித்தான். தறி ஓடும் வீட்டிலிருந்தும், மீன் ஏலம் போகும் கரையிலிருந்தும், டீக்கடையிலிருந்தும் வருகிறார்கள். கண்ணால் பார்த்தது, கையால் செய்தது என்று அவர்களிடம் நிறைய இருக்கிறது. வகுப்பறை வாசலில் செருப்போடு சேர்த்து அதையும் விட்டுவிட்டு வரவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை, ஆனாலும் எப்படியோ அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. டீ மாஸ்டரின் மகனுக்குப் பால் பொங்குவதைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரியும். அவனிடம் அதைப் பற்றி யாராவது கேட்டிருக்கிறோமா?

விதி வந்து வாயை அடைத்தது

ஓ லெவல் என்ற பள்ளித் தேர்வில் தேறி எம்பெம்பா இரிங்காவில் உள்ள ம்க்வாவா மேல்நிலைப் பள்ளிக்குப் போனான். அங்கே வெப்பம் பற்றிய பாடம். ஆசிரியர் நியூட்டனின் குளிர்வு விதியை நடத்தினார். எம்பெம்பாவுக்கு இதுதான் சமயம் என்று தோன்றியது. சூடான பாலையும் ஆறிய பாலையும் ஒரே நேரத்தில் ஃப்ரிட்ஜில் வைத்தால் சூடானது முதலில் உறைகிறதே, ஏன் என்று கேட்டான். அப்படி நடக்காது என்றார் ஆசிரியர். நானே செய்து பார்த்தேன் என்றான் இவன். நீ குழம்பியிருக்கிறாய் என்றார் அவர். பையன் விடவில்லை. ஆசிரியர் பொறுமை இழந்து ஒரு வாக்கியம் சொன்னார்: “அது எம்பெம்பாவின் இயற்பியல், உலகப் பொதுவான இயற்பியல் இல்லை.”

அன்றோடு முடியவில்லை. அதற்குப் பிறகு மடக்கை (லாக்) அட்டவணை பார்ப்பதில் ஒரு தப்பு விட்டால்கூட, ‘இது எம்பெம்பாவின் கணக்கு’ என்று ஆசிரியர் சொல்வார். வகுப்பு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. அவன் எது தப்பாகச் செய்தாலும் ‘எம்பெம்பாவின்’ என்று ஒரு அடைமொழி. ஆசிரியர் வாயிலிருந்து ஒருமுறை விழுந்த கேலி, நாற்பது வாய்களுக்குப் போனால் எப்படிப் பெருகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்தமுறை கை தூக்க நினைக்கும் பிள்ளை ஆசிரியரைப் பார்த்துப் பயப்படுவதைவிடப் பக்கத்து பெஞ்சைப் பார்த்துத்தான் அதிகம் பயப்படும். அந்தச் சிரிப்புக்கு அனுமதி கொடுப்பது நாம்தான்.

அந்த ஆசிரியரைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் தர்க்கத்தைப் பாருங்கள், முதல் பார்வைக்கு அதில் ஓட்டையே இல்லை. ஒரு பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் வெப்பநிலை வேறுபாடு அதிகமாக இருந்தால் அது வேகமாகக் குளிரும் என்கிறது குளிர்வு விதி. அப்படியென்றால் சுடுநீர் வேகமாகத்தான் குளிரும். ஆனால் அது எவ்வளவு வேகமாக வந்தாலும், பச்சைத்தண்ணீர் எந்த வெப்பநிலையில் கிளம்பியதோ அந்த இடத்துக்கு ஒருநாள் வந்தாக வேண்டும். வந்த பிறகு அங்கிருந்து அதற்கும் பச்சைத்தண்ணீருக்கும் ஒரே வேகம்தான். திருச்சியிலிருந்து ஒரு பஸ்ஸும் விழுப்புரத்திலிருந்து ஒரு பஸ்ஸும் ஒரே நேரத்தில் சென்னைக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். திருச்சி பஸ் விழுப்புரம்வரை பறந்தே வந்தாலும், அதற்குப் பிறகு இரண்டுக்கும் ஒரே வேகம் என்றால், முன்னால் போனது முன்னால்தான் போகும். இதைத்தான் அந்த ஆசிரியர் மனதில் வைத்திருப்பார். நானாக இருந்தாலும் அதையேதான் வைத்திருப்பேன்.

சரி, எங்கே சறுக்கியது? திருச்சி பஸ் விழுப்புரத்துக்கு வரும்போது அது அதே பஸ்தானா? வழியில் பாதிப் பேரை இறக்கிவிட்டு இலகுவாக வந்திருந்தால்? சூடான தண்ணீர் ஆவியாகிக் கொஞ்சம் அளவு குறைந்திருக்கலாம். அதற்குள்ளே மேலும் கீழுமாக ஓட்டம் எடுத்து, மேற்பரப்பு சூடாகவே இருந்து வெப்பத்தைச் சீக்கிரம் விட்டுக்கொண்டிருக்கலாம். சூடான ட்ரே அடியில் படிந்திருந்த பனித்துகளை உருக்கி, ஃப்ரீசரின் உலோகத்தோடு நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கலாம். குளிர்வு விதி ஒரு பொருளை ஒரே ஒரு வெப்பநிலை எண்ணாகத்தான் பார்க்கிறது. ஒரு ட்ரே பால் ஒரே ஒரு எண் இல்லை.

அதாவது, பையனின் கேள்வி விதியை உடைக்கவில்லை. அந்த விதி எங்கெல்லாம் செல்லும், எங்கெல்லாம் செல்லாது என்ற எல்லையைக் காட்டியது. ஒரு விதியை நடத்தும்போது இதைவிட நல்ல கேள்வி வகுப்பில் எழவே முடியாது. ஆசிரியர் அதைக் கையில் வாங்கியிருந்தால் ஆவியாதல், வெப்பச்சலனம், கடத்தல் என்று அந்தப் பாடம் முழுவதையும் அந்த ஒரு ட்ரேயை வைத்தே நடத்தி முடித்திருக்கலாம். அவர் விதியைக் கதவாகப் பயன்படுத்தினார், தாழ்ப்பாளும் போட்டார். போர்ஷனை முடிக்கும் அவசரத்தில் நாமும் இப்படித்தான் செய்கிறோம். ‘இது சிலபஸ்ல இல்ல’ என்பது அதே தாழ்ப்பாளின் இன்னொரு சத்தம்.

யாரும் இல்லாத ஆய்வகம்

ஒரு மத்தியானம் உயிரியல் ஆய்வகம் திறந்து கிடந்தது. ஆசிரியர் இல்லை. எம்பெம்பா உள்ளே போய் 50 கன சென்டிமீட்டர் பீக்கர் இரண்டை எடுத்தான். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் கொதிகலனிலிருந்து பிடித்த சுடுதண்ணீர். இரண்டையும் ஆய்வக ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் வைத்துவிட்டுப் போனான். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், இரண்டுமே முழுதாக உறையவில்லை. ஆனால் சூடாக வைத்த பீக்கரில்தான் பனிக்கட்டி அதிகம் இருந்தது. இது போதாது, மறுபடி செய்ய வேண்டும் என்று அவன் முடிவு செய்தான்.

கேலி செய்யப்பட்ட ஒரு பையன், தனியாக, ஒளிந்து ஒளிந்து செய்த சோதனை இது. தனக்குச் சாதகமான முடிவு கண்ணுக்கு முன்னால் இருந்தும், இது உறுதியான சான்று இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். பிராக்டிகல் ரெக்கார்டு நோட்டில் ‘முடிவு’ என்ற தலைப்பின் கீழ் முன்கூட்டியே விடை எழுதி வைக்கும் நம் பழக்கத்தை நினைத்துப் பார்க்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தனி ஊசலை ஆட்டிப் பார்ப்பதற்கு முன்பே புவியீர்ப்பு முடுக்கமான ‘ஜி’யின் மதிப்பு 9.8 என்று பென்சிலால் குறித்து வைத்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 9.5 என்று நேர்மையாக எழுதியவனுக்கு மதிப்பெண் குறைத்தவர்கள் நாம்தான். நானும் குறைத்திருக்கிறேன்.

ஆஸ்பார்ன் என்ன சொன்னார்

தார் எஸ் சலாம் பல்கலைக்கழகக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த டெனிஸ் ஆஸ்பார்னை ஒருநாள் பள்ளிக்குப் பேச அழைத்திருந்தார்கள். இயற்பியலும் தேச வளர்ச்சியும் என்பது தலைப்பு. பேச்சு முடிந்து மாணவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்தில் இடம் வாங்குவது எப்படி, பாடத்திட்டம் என்ன என்கிற வழக்கமான கேள்விகளும் வந்தன. எம்பெம்பா எழுந்தான். ஒரே அளவு தண்ணீர் உள்ள, ஒரே மாதிரியான இரண்டு பாத்திரங்கள். ஒன்று 35 டிகிரி, இன்னொன்று 100 டிகிரி. இரண்டையும் ஃப்ரிட்ஜில் வைத்தால் 100 டிகிரியில் இருந்தது முதலில் உறைகிறது, ஏன்?

கேள்வி எப்படி மாறியிருக்கிறது பாருங்கள். முன்பு பால், சர்க்கரை, ட்ரே. இப்போது ஒரே அளவு, ஒரே மாதிரி பாத்திரம், இரண்டு வெப்பநிலை. யாரும் அவனுக்கு உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. கேட்டுக் கேட்டு, அடிபட்டு அடிபட்டு, கேள்வி தானாகவே கூராகியிருக்கிறது.

மாணவர்கள் சிரித்தார்கள். ஆஸ்பார்ன் புன்னகைத்து, மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். நீ செய்து பார்த்தாயா என்று கேட்டார். செய்தேன் என்றான். தனக்குத் தெரியவில்லை என்றும், தார் எஸ் சலாம் திரும்பியதும் இதைச் சோதித்துப் பார்ப்பதாகவும் அவர் வாக்குக் கொடுத்தார். அவனையும் மறுபடி செய்து பார்க்கச் சொன்னார்.

இந்தக் கதையின் மையம் இங்கேதான் இருக்கிறது. ஆஸ்பார்ன் பின்னால் எழுதும்போது ஒளிக்காமல் ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: பையன் தவறாகப் பார்த்திருப்பான் என்றுதான் அவரும் நினைத்தார். ம்க்வாவா ஆசிரியர் எந்த இயற்பியலைப் படித்தாரோ அதையேதான் இவரும் படித்திருந்தார். இருவர் மனதிலும் ஓடியது ஒரே எண்ணம். ஆனால் எந்தக் கேள்வியையும் கேலி செய்யக்கூடாது என்பதும், அன்றாடம் நடப்பவை தோற்றத்துக்கு இருப்பதுபோல அவ்வளவு எளிமையானவை இல்லை என்பதும் இவருக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. தான் கணக்கில் எடுக்காத ஏதாவது ஒன்று குளிரும் வேகத்தை மாற்றக்கூடும் என்று சொன்னார்.

அறிவில் இந்த ஆசிரியருக்கும் அந்த ஆசிரியருக்கும் இடையே இருந்த தூரம் இந்த விஷயத்தில் பூஜ்யம். பிள்ளைகளின் ஆர்வத்தை வளர்க்க வேண்டுமென்றால் ஆசிரியருக்கு ஆழ்ந்த புலமை வேண்டும், இல்லாவிட்டால் கேள்விகளைச் சமாளிக்க முடியாது என்று பலர் சொல்வதைக் கேட்கிறேன். புலமை வேண்டியதுதான். ஆனால் ஆஸ்பார்ன் தன் புலமையால் அந்தக் கேள்வியைச் சமாளிக்கவில்லை. நீ சொல்வது எனக்குத் தெரிந்த இயற்பியலோடு பொருந்தவில்லை, செய்து பார்க்கிறேன், நீயும் செய்து பார் என்று மட்டும் சொன்னார். எட்டாம் வகுப்புக்குப் புதிதாக வந்த ஆசிரியராலும் இதைச் சொல்ல முடியும்.

இன்னொன்று, அவர் வாக்கைக் காப்பாற்றினார். ‘நல்ல கேள்வி, அப்புறம் பார்க்கலாம்’ என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை. நான்கைந்து தடவை இப்படி ஆனால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும், ‘அப்புறம்’ என்றால் ‘இல்லை’ என்று அர்த்தம். இதைவிட முகத்துக்கு நேரே மறுத்துவிடுவதுகூட நேர்மையானது.

மறுநாள் சகமாணவர்கள் எம்பெம்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். விருந்தினருக்கு விடை தெரியாத கேள்வியைக் கேட்டுப் பள்ளியின் மானத்தை வாங்கிவிட்டாய் என்றார்கள். நியூட்டனின் குளிர்வு விதி உனக்குப் புரிந்ததா இல்லையா என்றார்கள். ஏட்டில் இருப்பது வேறு, செய்து பார்ப்பது வேறு என்று இவன் பதில் சொன்னான். பிறகு பள்ளிச் சமையலறை ஃப்ரிட்ஜைப் பயன்படுத்த அனுமதி வாங்கி மறுபடி சோதித்தான். தோற்றுவிட்டால் மறுபடி சிரிப்பார்களே என்ற பயத்தில் முதலில் தனியாகத்தான் செய்தான். ஆஸ்பார்னின் ஊக்கம் ஒரு நாளில் வந்துவிட்டது. சிரிப்பின் பயம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

பல்கலைக்கழகத்தில் நடந்தது

தார் எஸ் சலாமில் ஆஸ்பார்ன் ஓர் இளம் ஆய்வக உதவியாளரிடம் இந்தச் சோதனையைச் செய்யச் சொன்னார். சூடாக வைத்ததுதான் முதலில் உறைந்தது என்று அவர் வந்து சொன்னார். கூடவே, சரியான விடை வரும்வரை திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருப்போம் என்றும் சொன்னார்! பயிற்சி பெற்ற ஒருவருக்கே கண்ணெதிரே நடந்ததைவிடப் புத்தகத்தில் இருப்பதுதான் ‘சரியான விடை’ என்று தோன்றியிருக்கிறது. பள்ளியில் ஊன்றிய பழக்கம் அவ்வளவு ஆழம்.

பிறகு முறையாகச் செய்தார்கள். 100 கன சென்டிமீட்டர் பீக்கர்களில் 70 கன சென்டிமீட்டர் தண்ணீர். அடியில் தெர்மகோல் மாதிரியான நுரைப்பலகை வைத்தார்கள், அடிப்பக்கம் பனி உருகி ஒட்டிக்கொள்வதால் வரும் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பதற்காக. தண்ணீரை முன்கூட்டியே கொதிக்க வைத்து எடுத்தார்கள், கரைந்திருக்கும் காற்று காரணமாகிவிடக் கூடாது என்பதற்காக. வெவ்வேறு வெப்பநிலைகளில் தொடங்கிப் பார்த்தபோது, 25 டிகிரி அளவில் தொடங்கிய தண்ணீர்தான் உறைய அதிக நேரம் எடுத்தது. மேற்பரப்பில் எண்ணெய் படரவிட்டால் உறைவது மிகவும் தாமதமானது. வெப்பம் பெரும்பாலும் மேல்பக்கம் வழியாகத்தான் வெளியேறுகிறது என்பதற்கு அது அடையாளம். ஆவியாகிப் போன அளவு இந்த வித்தியாசத்தை விளக்கப் போதாது என்றும் கண்டார்கள்.

1969இல் கட்டுரை வந்தபோது எழுதியவர்களின் பெயர்கள் இருந்த வரிசை: எம்பெம்பா, ஆஸ்பார்ன். முதல் பாதியை எம்பெம்பாவே தன் சொந்த வார்த்தைகளில், ‘நான்’ என்று, பால் வாங்கியதிலிருந்து கேலி வரை சொல்கிறார். இரண்டாம் பாதியில் பேராசிரியர் அளவீடுகளைத் தருகிறார். பேராசிரியர் தன் பெயரை முன்னால் போட்டுக்கொண்டு, அடிக்குறிப்பில் ‘ஒரு மாணவர் கேட்ட கேள்வி’ என்று எழுதியிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். கேள்வி யாருடையதோ அவரிடமே அதைத் திருப்பிக் கொடுப்பது என்பது வகுப்பில் மிகச் சிறிய அளவில்கூடச் செய்யலாம். கரும்பலகையில் கேள்வியை எழுதி, பக்கத்தில் கேட்ட பிள்ளையின் பெயரை எழுதினால் போதும். ‘எம்பெம்பாவின்’ என்று கேலிக்காக ஒட்டிய அதே சொல்தான் பிற்பாடு அந்த நிகழ்வின் பெயரானது.

எம்பெம்பா சொன்னது சரியா?

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

சுடுநீர் சீக்கிரம் உறையும் என்ற பேச்சு அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே இருக்கிறது. பிரான்சிஸ் பேக்கனும் டெகார்ட்டும்கூட எழுதியிருக்கிறார்கள். 2012இல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி இதற்கு நல்ல விளக்கம் தருபவருக்கு 1,000 பவுண்டு பரிசு என்று அறிவித்தபோது ஏறக்குறைய 22,000 பேர் எழுதி அனுப்பினார்கள். ஆனால் 2016இல் பர்ரிட்ஜ், லிண்டன் என்ற இருவர் கவனமாகச் சோதித்துவிட்டு, அப்படி ஒரு விளைவுக்குப் பொருட்படுத்தத்தக்க சான்று கிடைக்கவில்லை என்றார்கள். வெப்பமானியைக் கோப்பையின் எந்த உயரத்தில் வைக்கிறோம் என்பதே முடிவைப் புரட்டிவிடும் என்று காட்டினார்கள். தண்ணீரில் இன்னொரு தொல்லையும் உண்டு. சில சமயம் அது பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போயும் உறையாமல் தண்ணீராகவே நிற்கும், எப்போது உறையும் என்று சொல்ல முடியாது. மறுபக்கம், 2020இல் அவினாஷ் குமார், ஜான் பெக்ஹோஃபர் இருவரும் நீரில் மிதக்கும் ஒரு நுண்துகளை வைத்து, சூடானது குளிர்ந்ததை முந்தும் நிலையைத் துல்லியமாக உண்டாக்கிக் காட்டினார்கள். தண்ணீரைப் பற்றிய சண்டை தொடர்கிறது.

ஒரு பயிற்சிக் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னபோது சக ஆசிரியர் ஒருவர் எழுந்து, “அப்ப அந்த வாத்தியார் சொன்னதுதான சார் சரி? பையன் குழம்பித்தான் போயிருக்கான்” என்றார். அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

நாளைக்கே எம்பெம்பா விளைவு வெறும் அளவீட்டுப் பிழை என்று நிரூபணமானாலும் ஆஸ்பார்ன் செய்தது சரிதான், அந்த ஆசிரியர் செய்தது தப்புதான் என்பது என் முடிவு. ஏனென்றால் ‘நீ குழம்பியிருக்கிறாய்’ என்றவர் எதையும் பார்க்காமல் சொன்னார். 2016இல் ‘இல்லை’ என்றவர்கள் கோப்பை கோப்பையாக அளந்துவிட்டுச் சொன்னார்கள். இரண்டு ‘இல்லை’யும் ஒன்றாகாது. மாணவன் கேட்ட கேள்வி சரியான உண்மைக்குக் கொண்டுபோகும் என்பதால் அதை மதிக்கிறோம் என்றால், தொண்ணூறு சதவீதக் கேள்விகளைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பிள்ளைகள் கேட்பதில் பெரும்பாலானவை தப்பாகத்தான் இருக்கும். தப்பான கேள்வியைச் சோதித்து, அது ஏன் தப்பு என்று தானே கண்டுபிடிக்கிற பிள்ளை எதையும் இழப்பதில்லை.

பானைத் தண்ணீர்

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஆவியாதல் நடத்திக்கொண்டிருந்தேன். மண்பானையில் நுண்துளைகள் வழியாக நீர் கசிந்து ஆவியாகிறது, அதற்கான வெப்பத்தை உள்ளே இருக்கும் நீரிலிருந்து எடுக்கிறது, அதனால் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. வெயிலில் ஆவியாதல் அதிகம் என்பதையும் பத்து நிமிடம் முன்புதான் சொல்லியிருந்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “அப்ப பானைய வெயில்ல வெச்சா இன்னும் ஜில்லுனு ஆகுமா சார்?” என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் லேசாகச் சிரித்துவிட்டு, “ஆகாதும்மா, உக்காரு” என்று சொல்லிவிட்டேன்.

நான் சொல்லிக்கொடுத்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் போட்டால் வரும் முடிவைத்தான் அவள் கேட்டாள். வகுப்பிலேயே பாடத்தை முழுதாகக் கவனித்தவள் அவள் ஒருத்திதான். எனக்கு அது உறைத்தது எம்பெம்பா கதையை முதன்முதலாகப் படித்தபோது. அதற்குள் இரண்டு வருடம் ஓடியிருந்தது. அந்தப் பெண் பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் பிரிவில் சேர்ந்திருந்தாள். அவளைக் கூப்பிட்டு, நீ அன்றைக்குக் கேட்டதைச் செய்து பார்க்கப் போகிறோம், நீயும் வா என்றேன். அவளுக்கு அது நினைவே இல்லை. ஆனாலும் வந்தாள்.

இரண்டு மண்பானை, இரண்டு சில்வர் குடம், நான்கு வெப்பமானி. ஒரு ஜோடி மைதானத்தில், ஒரு ஜோடி வராண்டாவில். அரை மணிக்கு ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தார்கள். மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது: வெயிலில் இருந்த பானை வராண்டாப் பானையைவிடச் சூடு. வெயில் தரும் வெப்பத்தை ஆவியாதலால் ஈடுகட்ட முடியவில்லை. ஆனால் அதே வெயிலில் இருந்த சில்வர் குடத்தைவிடப் பானைத் தண்ணீர் நன்றாகவே குளிர்ச்சி. பானை வெயிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது, கணிசமான அளவுக்குத் தாக்குப்பிடித்தும் இருந்தது. ‘ஆகாதும்மா’ என்ற என் பதில் சரிதான், ஆனால் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இந்த மல்லுக்கட்டு எதுவும் இல்லை. அப்புறம் ஒரு பையன் காற்று வரும் பக்கம் ஒரு பானை, மூடிய அறையில் ஒரு பானை என்று வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டான். மறுநாள் அதுவும் நடந்தது. காற்றடிக்கும் பக்கம் வைத்ததுதான் எல்லாவற்றிலும் ஜில்லென்று இருந்தது. பானையை ஜன்னலோரம் வைக்கச் சொல்லும் பாட்டிகளிடம் கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள். ஆனால் அன்று அந்தப் பையன் குதித்த குதிப்பு இருக்கிறதே!

இதற்கு ஆன மொத்தச் செலவு இரண்டு பானைக் காசு. போர்ஷன் ஒன்றும் பின்தங்கிவிடவில்லை. ஆவியாதல் பாடத்தை நான் திரும்ப நடத்த வேண்டிய அவசியமே வரவில்லை.

அதற்குப் பிறகு வகுப்பில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். உடனே சோதிக்க முடியாத கேள்வியை, கேட்டவர் பெயரோடு, தேதியோடு அதில் எழுதிவிடுவோம். மாதத்தின் கடைசி வெள்ளி, கடைசிப் பீரியடில் நோட்டைத் திறந்து ஒன்றையாவது செய்து பார்க்க வேண்டும், இதுதான் ஒப்பந்தம். நான் மறந்தாலும் கேள்வி கேட்டவர் விடமாட்டார். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். திருப்புதல் தேர்வு வந்தால் இரண்டு மாதம் நோட்டு மூடியே கிடக்கும். சில கேள்விகளைச் சோதிக்க எங்கள் பள்ளியில் வசதி இல்லை. சில நாள் எனக்கே அலுப்பாக இருக்கும், ‘உக்காரு’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நிற்கும்.

இப்போது நோட்டில் கடைசியாக இருப்பது, வீட்டில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு பையன் கேட்டது. டம்ளரில் சுடுதண்ணீர் ஊற்றும்போது வரும் சத்தமும் பச்சைத்தண்ணீர் ஊற்றும்போது வரும் சத்தமும் வேறு வேறாக இருக்கிறதே சார், ஏன்? அவன் கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சொல்லிவிடுவானாம். வகுப்பு சிரிக்கவில்லை. அன்று ராத்திரி சமையலறையில் நானும் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். மனைவி இரண்டு சொம்பிலிருந்தும் மாற்றி மாற்றி ஊற்றினாள். வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. இந்த மாதக் கடைசி வெள்ளி அவன் வீட்டிலிருந்து பாய்லரில் சுடுதண்ணீர் கொண்டு வருகிறான். டம்ளர் நாங்கள் எடுத்து வைக்கிறோம்.